பணம் கொடுத்தாகிவிட்டது, டிசைன் கோப்பு யாருக்குச் சொந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பத்தொன்பது ஆண்டுகளாக லோகோ, லேபிள், பெட்டி வடிவமைப்பு ஆகிய வேலைகளைச் செய்து வருகிறேன். இந்தத் தொழிலில் நான் பார்த்த மனக்கசப்புகளில் பாதிக்கு மேல் விலையால் வந்தவை அல்ல. வேலை முடிந்து, பணமும் கைமாறிய பிறகு, "அந்த ஃபைலைக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்கும்போதுதான் அவை தொடங்கின. இரு தரப்பும் தங்கள் பக்கமே நியாயம் என்று மனதார நம்புகிறார்கள். என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளுக்கு இந்தியச் சட்டத்தின்படியும் என் அனுபவத்தின்படியும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். பெரிய தொகையோ நீதிமன்றமோ சம்பந்தப்பட்டிருந்தால், இதைப் படித்த கையோடு ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.

முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். டிசைன் எனக்குச் சொந்தம்தானே?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பதிலைக் கேட்டவுடன் வாடிக்கையாளர்களுக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. நாற்காலி வாங்கினால் நாற்காலி நமக்கு, வீடு வாங்கினால் வீடு நமக்கு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. அதன் 17ஆவது பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. சில விதிவிலக்குகள் உண்டு. அவை கீழே வருகின்றன. வெளியாளிடம் கொடுத்து வரையவைத்த லோகோ அந்த விதிவிலக்குகளில் நேரடியாக அடங்குவதில்லை.

நாம் "டிசைன்" என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. அச்சுக்குப் போகத் தயாராக இருக்கும் பிடிஎஃப் அல்லது ஜேபெக் ஒன்று. அந்த ஓவியத்தின் மீதான பதிப்புரிமை இன்னொன்று. கோரல் டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பு மூன்றாவது. முதலாவது கைக்கு வந்துவிட்டதால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடுவதில்லை. மூலக் கோப்பே கையில் இருந்தாலும் பதிப்புரிமை வேறொருவரிடம் இருக்கலாம். பதிப்புரிமை முழுவதும் உங்கள் பெயரில் இருந்தும் மூலக் கோப்பு இல்லாமல் தவிக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பேசினாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காப்புரிமை, பதிப்புரிமை இரண்டும் ஒன்றா?

இல்லை. காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது. வரைந்தது, எழுதியது, படம் எடுத்தது ஆகியவற்றுக்குக் கிடைப்பது பதிப்புரிமை. ஒப்பந்தத்தில் "காப்புரிமை உங்களுக்கே" என்று எழுதி வைத்திருப்பவர்கள் அந்தச் சொல்லை இன்றே திருத்திவிடுங்கள்.

அப்படியானால் நான் கொடுத்த பணத்துக்கு எனக்கு என்னதான் கிடைத்தது?

எதற்காகச் செய்து வாங்கினீர்களோ, அதற்குப் பயன்படுத்தும் அனுமதி கிடைத்திருக்கிறது. ஊறுகாய் பாட்டில் லேபிள் என்று சொல்லிச் செய்து வாங்கியிருந்தால், அதை எத்தனை பாட்டிலில் ஒட்டினாலும் டிசைனர் வந்து தடுக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு லேபிளைக் கொடுத்தவர், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னால் எந்த நீதிமன்றமும் காது கொடுக்காது. அதே லேபிளில் இருக்கும் பாட்டியின் உருவத்தைத் தனியே பிரித்தெடுத்து, டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது, இன்னொரு நிறுவனத்துக்கு வாடகைக்குக் கொடுப்பது என்று போகும்போதுதான் கேள்வி எழுகிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் அங்கே டிசைனரின் கை ஓங்கும்.

பதிப்புரிமை என் பெயருக்கு முழுதாக மாற என்ன செய்ய வேண்டும்?

எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை. 19ஆவது பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பவர் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற முகவர் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. வாய்ப்பேச்சும், வங்கிக் கணக்கில் பணம் போன ரசீதும், வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படமும் அந்த எழுத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது. நேரில் சந்திக்க முடியாதவர்கள் ஆதார் வழியிலான மின்கையொப்பத்தைப் பயன்படுத்தலாம். அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஏற்பு இருக்கிறது.

கையெழுத்து வாங்கியவர்களும் தடுக்கி விழும் மூன்று இடங்கள் அதே பிரிவில் இருக்கின்றன. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். ஐந்தாண்டு விதியை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிட வேண்டாம். பைன் லேப்ஸ், ஜெமால்டோ ஆகிய நிறுவனங்களுக்கிடையே ஒரு மென்பொருள் குறித்து நடந்த வழக்கில், 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விதியைத்தான் பொருத்தியது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாததால், ஐந்தாண்டு முடிந்ததும் உரிமை உருவாக்கியவரிடமே திரும்பியது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் மசாலா ஏற்றுமதி செய்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

நான் என் ஒப்பந்தத்தில் எழுதுவது இது: "இத்துடன் இணைத்துள்ள லோகோவின் பதிப்புரிமை முழுவதையும், அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், எல்லாப் பயன்பாடுகளுக்கும், பேசிய தொகை முழுவதும் என் கைக்கு வந்து சேர்ந்த நாள் முதல் வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த மாற்றம் செல்லும்." கீழே தொகை, தேதி, இருவர் கையெழுத்து, லோகோவின் அச்சுப் படி. ஒரே பக்கம்தான். இதற்காக எந்த வாடிக்கையாளரும் என்னை விட்டுப் போனதில்லை.

மூலக் கோப்பைக் கொடுக்க டிசைனர் கடமைப்பட்டவரா?

அப்படி ஒரு கடமையைப் பதிப்புரிமைச் சட்டம் விதிக்கவில்லை. பேச்சில் என்ன முடிவானதோ அதுதான். புகைப்பட ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் கடைக்காரரிடமே இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்; படம் நமக்கு, நெகட்டிவ் அவருக்கு. டிசைனர்கள் மூலக் கோப்பைத் தங்கள் நெகட்டிவாகவே பார்க்கிறார்கள். அதற்குள் அவர்களுடைய உழைப்பு அடுக்கடுக்காக இருக்கிறது: ஒதுக்கிவைத்த முந்தைய வடிவங்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்த தூரிகைகள், வேலை செய்யும் முறை. அதைத் தனியே விலை பேசுவதில் தவறு இல்லை என்பது என் கருத்து. விலை பேச வேண்டிய நேரம் மட்டும் முக்கியம். முதல் விலைப்பட்டியலிலேயே "மூலக் கோப்பு வேண்டுமானால் இவ்வளவு" என்று ஒரு வரி இருக்க வேண்டும். வேலையெல்லாம் முடிந்து, வாடிக்கையாளர் அவசரத்தில் வந்து நிற்கும் நாளில் முதல் முறையாக அந்த வரியைச் சொல்வது நியாயம் இல்லை.

அந்த அவசரம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஒரு பென்டிரைவோடு வந்தார். வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்பவர். ஒரு பெரிய கடை அவருடைய சரக்கை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. லேபிளில் பார்கோடும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பழைய டிசைனர் ஊரை விட்டுப் போய்விட்டார். அலைபேசி எண்ணும் மாறிவிட்டது. பென்டிரைவில் இருந்தது ஒரு ஜேபெக் மட்டுமே. பெரிதாக்கிப் பார்த்தால் மாங்காயின் விளிம்பு படிக்கட்டு போல உடைந்தது. தேடிப் பிடித்து அந்த அம்மாவின் தம்பி பழைய கணினியிலிருந்து ஒரு கோரல் கோப்பைக் கொண்டுவந்தார். திறந்தேன். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழெல்லாம், அந்த எழுத்துரு என் கணினியில் இல்லாததால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. எழுத்துருவை நிறுவி, சரிபார்த்து, மாங்காயை மறுபடி வரைந்து முடிக்க மூன்று நாள் ஆனது. அந்த அம்மா மூன்று நாளும் கடையின் கெடுவை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆகவே வாடிக்கையாளர்களுக்கு என் வேண்டுகோள்: வேலை முடிந்த அன்றே இரண்டு வகைக் கோப்பு கேளுங்கள். எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும் திருத்தக்கூடிய கோப்பு ஒன்று. எழுத்துகளைக் கர்வ் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய கோப்பு ஒன்று. முதலாவது நாளைய திருத்தத்துக்கு. இரண்டாவது எந்த அச்சகத்தில் திறந்தாலும் எழுத்து உடையாமல் இருப்பதற்கு.

புகைப்படத்துக்கும் இதே விதியா?

இங்கே விதி தலைகீழ். பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படம், வரையவைத்த ஓவியம் அல்லது உருவப்படம், எடுக்கவைத்த திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். 17ஆவது பிரிவின் விதிவிலக்குகளில் இதுவும் ஒன்று. உங்கள் திருமணப் படங்களின் பதிப்புரிமை பெரும்பாலும் பணம் கொடுத்த உங்கள் குடும்பத்துக்கே. படக்காரர் அவற்றைத் தம் விளம்பரத்துக்குப் போட விரும்பினால் உங்களிடம் கேட்க வேண்டும். பொருள்களைப் படம் எடுத்துத் தரும் புகைப்படக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

லோகோவையும் "ஓவியம்" என்று சொல்லி இந்த விதிவிலக்குக்குள் கொண்டுவர வழக்கறிஞர் வாதாடலாம். அந்த வாதத்தை நம்பித் தொழில் நடத்துவதைவிட ஒரு பக்கம் எழுதி வாங்குவது எளிது.

மாதச் சம்பளத்தில் டிசைனர் வைத்திருக்கிறேன். அவர் செய்தது யாருடையது?

உங்களுடையது. பணி ஒப்பந்தத்தின் கீழ், பணியின் ஒரு பகுதியாகச் செய்த படைப்புக்கு முதலாளியே முதல் உரிமையாளர். இதுவும் 17ஆவது பிரிவுதான். அவர் வேலையை விட்டுப் போகும்போது அலுவலகக் கணினியில் உள்ள கோப்புகளை எடுத்துச் செல்ல முடியாது.

மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, தன் வீட்டில், தன் கணினியில், இன்னும் நான்கு பேருக்கும் சேர்த்து வேலை செய்பவர் உங்கள் ஊழியர் அல்லர். அவர் செய்தது அவருடையதே. மாதத் தொகை என்ற ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

விளம்பர நிறுவனம் வழியாகச் செய்து வாங்கியிருந்தால் இன்னொரு முடிச்சு உண்டு. அந்த நிறுவனம் வேலையை வெளியே ஒருவரிடம் கொடுத்திருந்து, அவரிடம் எழுதி வாங்காமல் விட்டிருந்தால், நிறுவனத்திடமே உரிமை இல்லை. தன்னிடம் இல்லாததை அது உங்களுக்கு எப்படிக் கொடுக்கும்? "உங்களுக்காக வரைந்தவர் யார், அவரிடம் எழுதி வாங்கிவிட்டீர்களா" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

திருப்பூரில் எம்பிராய்டரி பஞ்சிங் செய்து வாங்குகிறோம். அந்தக் கோப்பு யாருக்கு?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் இங்கே சட்டம் நாம் எதிர்பார்க்காத பக்கம் திரும்புகிறது.

முதலில் கோப்பு. பஞ்சிங் என்பது வரைந்த படத்தை எம்பிராய்டரி இயந்திரத்துக்கான தையல் கட்டளைகளாக மாற்றும் வேலை. இயந்திரத்துக்குப் போகும் டிஎஸ்டி கோப்பில் இருப்பது ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும், எங்கே நிறம் மாற நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே. அதைப் பெரிதாகவோ சிறிதாகவோ ஓரளவுக்கு மேல் மாற்றினால் தையலின் நெருக்கம் கெட்டு, துணி சுருங்கும் அல்லது இடைவெளி தெரியும். இதழ் இதழாக, இலை இலையாகத் திருத்தக்கூடிய வடிவம் பஞ்சிங் செய்தவரின் மென்பொருள் கோப்பில்தான் இருக்கும். டிஎஸ்டி வந்துவிட்டது, எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பது, ஜேபெக் வந்ததும் லோகோ முழுவதும் வந்துவிட்டது என்று நினைப்பது போன்றது.

அடுத்து உரிமை. ஒரு வடிவத்தைத் தொழில்முறையில் பொருள்மேல் ஏற்றிப் பெருமளவில் செய்யும்போது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் உள்ளே வருகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, அவ்வாறு பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல் 50 முறைக்கு மேல் செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது. திருப்பூரில் 50 என்பது ஒரு மணி நேரக் கணக்கு. சோபாத் துணி வடிவங்கள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தால் பத்து ஆண்டுகள், பிறகு ஐந்து ஆண்டுகள் நீட்டிப்பு. ஆனால் வடிவம் வெளியே வருவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில், தகுந்த விலை கொடுத்து ஒருவரைக் கொண்டு வடிவத்தைச் செய்வித்தால், செய்வித்தவரே அதன் உரிமையாளர். லோகோவில் படைத்தவர் பக்கம் நிற்கும் சட்டம், துணி வடிவத்தில் செய்யச் சொன்னவர் பக்கம் நிற்கிறது. இரண்டும் ஒரே டிசைனரின் ஒரே மேசையிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

லோகோவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டேன். இனி டிசைனரின் உரிமை போய்விட்டதா?

போகவில்லை, இரண்டும் தனித்தனி உரிமைகள். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் சந்தையில் உங்கள் அடையாளத்தைக் காக்கிறது. வரைந்ததன் பதிப்புரிமை அதனால் கைமாறாது. பதிப்புரிமைச் சட்டத்தால் தடுக்கப்படக்கூடிய ஒன்றைச் சின்னமாகப் பதிவு செய்யக் கூடாது என்று வணிகச் சின்னச் சட்டத்தின் 11ஆவது பிரிவிலும் இருக்கிறது.

பெரும்பாலானோருக்கு இது உறைக்கும் நாள், லேபிளைப் பதிப்புரிமைப் பதிவுக்குக் கொண்டுபோகும் நாள். பொருள்களில் ஒட்டப்படும் கலைப்படைப்புக்குக் கட்டணம் 2,000 ரூபாய், மற்றவற்றுக்கு 500 ரூபாய். கட்டணம் சுலபம்தான். விண்ணப்பிப்பவரும் வரைந்தவரும் வேறு வேறு என்றால், வரைந்தவரின் ஆட்சேபணையின்மைச் சான்று கேட்பார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் மூவாயிரம் ரூபாய்க்கு வரைந்து கொடுத்துவிட்டுப் போனவரின் கையெழுத்துக்காக ஊர் ஊராகத் தேடுவார்கள்.

எழுத்துரு, இணையத்தில் வாங்கிய படங்கள்?

டிசைனரிடம் இல்லாத உரிமையை டிசைனர் கொடுக்க முடியாது. விலைக்கு வாங்கிய எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து அனுப்புவது பல உரிமங்களின்படி தவறு. வாடிக்கையாளரே தனியாக வாங்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் இந்தத் தொல்லை இல்லை. கேன்வா போன்ற தளங்களின் ஆயத்த வார்ப்புருவிலிருந்து எடுத்த லோகோ உங்களுக்கு மட்டுமே உரியதாகாது. அதே உருவம் நாளை பக்கத்துத் தெருக் கடையிலும் வரலாம்.

உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டேன். டிசைனராக எனக்கு இனி ஒன்றுமே மிச்சமில்லையா?

இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி, "இதை வரைந்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களோடே இருக்கும். உங்கள் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் கேள்வி கேட்கவும் முடியும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னது. பணம் கொடுத்துச் செய்வித்தது அரசுதான். படைத்தவருக்கும் படைப்புக்கும் உள்ள உறவை அந்தப் பணம் அறுக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உங்கள் இணையதளத்தில் அந்த லோகோவைக் காட்டுவது படியெடுப்பது ஆகும். ஆகவே "என் வேலைகளின் தொகுப்பில் காட்ட அனுமதி உண்டு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் பணம் பாக்கி. கோப்பை நிறுத்திவைக்கலாமா?

நிறுத்திவைக்கலாம், முழுத் தொகை வந்த பிறகே ஒப்படைப்பு என்று முன்பே எழுதியிருந்தால் இன்னும் நல்லது. வாடிக்கையாளருடைய சொந்தப் பொருள்களை, அவர் கொடுத்த படங்கள், பழைய லோகோ போன்றவற்றை, பிணையாகப் பிடித்துவைக்காதீர்கள். உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில் செய்பவர் என்றால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குத் துணை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு அனுப்பிய ஒரே ஒரு கடிதத்தால் எனக்கு எட்டு மாத பாக்கி ஒரு வாரத்தில் வந்தது.

டிசைனர் இறந்துவிட்டார். இப்போது யாரிடம் கேட்பது?

வாரிசுகளிடம். பதிப்புரிமை வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். சொத்தைப் போலவே வாரிசுகளுக்குப் போகும்.

எழுத்தில் ஒன்றுமே இல்லாமல் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். உறவு நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள். உரிமை மாற்றத்தை எந்த நாளிலும் எழுதிக்கொள்ளலாம். வேலை முடிந்த அன்றே எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிசைனரைக் கூப்பிட்டு, அன்று கொடுத்த தொகையோடு இன்று ஒரு நியாயமான தொகையையும் சேர்த்துப் பேசி, மேலே சொன்ன ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள். மூலக் கோப்பையும் அதே நாளில் வாங்கி, இரண்டு இடங்களில் சேமித்து, திறக்கிறதா என்று அவர் எதிரிலேயே பாருங்கள்.

டிசைனர்களுக்கும் ஒன்று. பழைய வாடிக்கையாளர் அப்படி வந்து கேட்டால், அவருடைய கடை இன்று வளர்ந்திருப்பதைப் பார்த்துத் தொகையை ஏற்றாதீர்கள். நானும் ஒருமுறை அப்படிக் கேட்டேன். மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். அதற்கு முன் எட்டு ஆண்டுகளாக என்னிடம்தான் எல்லா வேலையையும் கொடுத்துவந்தவர், அதன்பின் ஒரு விசிட்டிங் கார்டுகூட என்னிடம் அடிக்கவில்லை.